சிக்னல் கோளாறு

"நாலு பேர் முன்னாடி என்னை முட்டாள்னுட்டான் மேனேஜர். இனி அங்க ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்!"

மனைவி குறுக்கே வந்துவிடக் கூடாதென்று படுக்கையறைக் கதவைத் தாழிட்டு, வி.ஆர். ஹெட்செட்டை மாட்டினான். ஹாலில் இருந்த கம்ப்யூட்டரின் திரை, வயர் இல்லாமலே கண்முன் விரிந்தது. மடியில் இன்னொரு கீபோர்டை வைத்து ராஜினாமாக் கடிதத்தை அடித்தான்.

கடைசி வரிக்கு வந்ததும் எழுத்துகள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தான். மறுபடி மறைந்தன.

"சிக்னல் சரியில்ல! மோடத்துல லைட் எரியுதா பாரு!" என்று கத்தினான்.

"எரியுதுங்க. கொஞ்சம் ஆறப்போடுங்க, சரியாயிடும்" என்றாள் மனைவி.

மூன்றாவது முறையும் மறைந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். "சே! நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த மனைவி, பேக்ஸ்பேஸிலிருந்து விரலை எடுத்தாள்.