ஞாயிற்றுக்கிழமை ஜீப்

“கையை மேல தூக்குங்கய்யா,” என்றாள் உடற்பயிற்சி சொல்லித்தரும் சுகன்யா.

“தூக்க மாட்டேன். நான் என்ன ஒண்ணாப்புப் பிள்ளையா?”

செல்லப்பாண்டிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கொடைக்கானல் முதியோர் இல்லத்துக்கு வந்து ஒரு மாதம். காலையில் ஏரியைச் சுற்றி நடை, அப்புறம் கைதட்டிப் பாட்டு, சாயங்காலம் கேரம். சொந்த ஊரான கவுஞ்சியில், வீட்டில் டிவி முன்னால் சிவனே என்று கிடந்தவரை இப்படியா படுத்துவது?

“வீட்டுல இடைஞ்சலா இருக்கேன்னுதானே இங்க கொண்டாந்து தள்ளினது? இன்னிக்கு வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்!”

“விடுங்கண்ணே, இந்தக் காலத்துப் பிள்ளைக இப்படித்தான். என் மகனும் இதையேதான் செஞ்சான்,” என்றார் பக்கத்து நாற்காலி நாச்சிமுத்து.

வாசலில் ஜீப் சத்தம். செல்லப்பாண்டி விடுவிடுவென்று போனார். வேடிக்கை பார்க்க நாச்சிமுத்துவும் பின்னாலேயே போனார்.

பூண்டு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, சேலையை இழுத்துச் செருகியபடி இறங்கினாள் செல்லப்பாண்டியைப் பெற்ற ஆத்தா சின்னத்தாயி. தொண்ணூறைத் தொடும் வயது.

“என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ ஆத்தா! இங்க ஒருத்தனையும் எனக்குப் பிடிக்கல.”

“பிடிக்கணும்லே!” அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். “பிள்ளை குட்டியும் இல்ல. பொண்டாட்டி போனதுலேர்ந்து என் மொகத்தைத் தவிர யார் மொகத்தையாவது நிமிர்ந்து பாத்தியா? நான் இன்னிக்கோ நாளைக்கோ. அப்புறம் உன்னைய ‘சாப்பிட்டியா’ன்னு கேக்க யாருலே இருக்கா? நான் போறதுக்குள்ள நாலு பேரைப் பிடிச்சு வச்சுக்கோ!”