ஒன்பதாவது கேள்வி

ஆண்டர்சன்பேட்டை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் காலை வெயில் விழுகிறது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் தூசு அதில் மெல்ல மிதக்கிறது. வெயிலின் நடுவே பெங்களூர் ஆஸ்பத்திரி கொடுத்த சம்மதப் படிவம். வின்னியின் மார்பிலுள்ள புற்றுநோய்க் கட்டிக்குப் புது மருந்தைச் சோதிக்கப் போகிறார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுத்த பாலிமரைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, அவற்றுக்குள் மருந்தை வைத்து அனுப்புவார்களாம். அவள் கணவன் ஸ்டீவனின் பேனா ஒன்பதாவது கேள்வியில் நிற்கிறது: இறால், நண்டு சாப்பிட்டால் ஒவ்வாமை உண்டா? "இல்லன்னு போடுங்க," என்கிறாள் வின்னி. "இன்னாது? நம்ம கல்யாணத்துல ஒரு இறாலுக்கே தொண்டை அடைச்சி உன்ன ஆட்டோல தூக்கினு ஓடனேனே." "அப்பதான் மொத மொத என்ன தூக்கினீங்க," என்று அவள் சிரிக்கிறாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் மார்பின் கட்டிமேல் வைக்கிறாள். "தொண்டை அடைச்சா ஊசி இருக்குது. இதுக்கு இந்த மருந்து ஒண்ணுதான் பாக்கி. உண்டுன்னா சேத்துக்கமாட்டாங்க." பேனாவை வாங்கி, 'இல்லை' என்பதில் அவளே டிக் போடுகிறாள். "சாட்சிக் கையெழுத்து நீங்க போடுங்க. ட்ரெயினுக்கு நேரமாவுது." அவள் டீ குடிப்பதை, ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குவதை அவன் பார்க்கிறான். அவன் கையில் பேனா கையெழுத்துக் கோட்டைத் தொடுகிறது. ஸ்டீவனுக்குத் தன் பெயரின் முதல் எழுத்து நினைவுக்கு வரவில்லை.