நாலு விரல் இடைவெளி

மாமனார் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"யோவ், நீயெல்லாம் ஒரு வேலைக்காரனா? பச்சைக் குழந்தை வர்ற வீடுய்யா இது!"

புகைக்குழாய் பொருத்த வந்தவர் ஏணியடியில் தலைகுனிந்து நின்றார். முகமெல்லாம் பரண் தூசி.

"தப்புதான் ஐயா. நேத்து அவசரத்துல குழாயைச் சுத்தி ஒரு பழைய துணியை விட்டுட்டுப் போயிட்டேன்."

"மறந்துட்டியா? சாப்பிட மறப்பியா? கூலி வாங்க மறப்பியா?"

"போதும், விடுங்களேன்" என்றாள் மாமியார். "அதான் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே பார்த்துட்டாரே. கடவுள் காப்பாத்தினார்."

"நீ சும்மா இரு! காலையிலேயே பத்த வைக்கப் போனவதானே நீ?"

அதுவும் உண்மைதான். எட்டு மாதத்திலேயே பிறந்த பேத்தி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். அறை எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஹாலில் இந்த இரும்புக் கணப்பு அடுப்பு. அதன் குழாய் கூரைப்பலகையைத் துளைத்து, பரண் வழியாக ஓட்டுக்கு மேலே போகிறது. காலையில் மாமியார் தீப்பெட்டியை எடுத்ததுமே, "தொடாதே! அவன் வந்து பார்க்கட்டும்" என்று மாமனார் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை தொட்டில் பக்கத்தில், மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

"ஸ்வெட்டர் எங்கே மாப்பிள்ளை?"

"துவைக்கப் போட்டிருக்கேன் அத்தை."

குழாய்க்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, வெறும் காத்தாத்தான் இருக்கணும். குளிர் காத்து இறங்குதேன்னு துணியோ பஞ்சோ அடைச்சா, குழாய் சூட்டுல அது கருகி, மரத்துலயும் நெருப்பு பிடிச்சுக்கும். காத்தை மறைக்கத் தகடு போடுவேன். வேற எதையும் யாரும் திணிச்சுடாதீங்க."

மாப்பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது.

நேற்று சாயங்காலம், மேலேயிருந்து சில்லென்ற காற்று நேராகத் தொட்டிலுக்குள் இறங்குவதை அவன்தான் கவனித்தான். பரணில் ஏறி, அந்த இடைவெளியை அடைத்ததும் அவன்தான். தன் ஸ்வெட்டரைக் கழற்றி.

போன மாதம் அவன் மாட்டிய அலமாரி மறுநாளே கீழே விழுந்து எல்லோரையும் கும்பிட்டது. அன்றிலிருந்து மாமனார் அவனைச் சுத்தியல் பக்கம் விடுவதில்லை. இது தெரிந்தால்?

ஆனாலும் இன்னொருவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மாமா, அது வந்து..."

"தம்பி!" என்று குழாய்க்காரர் குறுக்கிட்டார். "மேலே ஒரே இருட்டு. கொஞ்சம் டார்ச் பிடிக்க வர்றீங்களா?"

பரணில் ஏறியதும் அவன் கிசுகிசுத்தான். "அண்ணே, அந்தத் துணி..."

"தெரியும் தம்பி. இந்த ஸ்வெட்டர் என் தொப்பையில நுழையுமா?" என்று சிரித்தபடி சுருட்டிக் கொடுத்தார். "சட்டைக்கு உள்ளே போட்டுக்குங்க, யாருக்கும் தெரியாது. உங்க பல்லு அடிக்கிற சத்தத்துல வேலை ஓட மாட்டேங்குது."

"எனக்காக நீங்க ஏன் திட்டு வாங்கணும்?"

"அதை விடுங்க. நாலு விரலைச் சேர்த்து வையுங்க. குழாயைச் சுத்தி நீங்களே அளந்து பாருங்க."

அளந்தான். எங்கும் இடிக்கவில்லை. தகட்டின் கடைசித் திருகாணியை அவன் கையாலேயே முடுக்க வைத்தார்.

கீழே இறங்கி, குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் அசைத்துப் பார்த்த பிறகுதான் குழாய்க்காரர் தலையாட்டினார். மாமியார் ஒரு நிமிடம் கண்மூடிக் கைகூப்பிவிட்டு, நாலு காய்ந்த சுள்ளியை வைத்துப் பற்றவைத்தாள். ஹாலுக்குள் ஒரு இழை புகைகூட வரவில்லை. எல்லாம் நேராக மேலே போய்விட்டது.

"ம்... மாப்பிள்ளை கூடவே நின்னதால இன்னிக்காவது ஒழுங்கா முடிஞ்சுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குழாய்க்காரரை வழியனுப்ப வெளியே போனார் மாமனார்.

மாமியார் திகைத்துப் போனாள். அவர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தையா!

அந்த நல்ல வார்த்தைதான் அவனைக் குத்தியது. என்ன ஆனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். குழாய்க்காரர் மறந்து வைத்த டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

கேட்டுக்கு வெளியே பேச்சுக் குரல்.

"ஐயா, ரெண்டு வார்த்தை திட்டறதாத்தானே காலையில போன்ல பேச்சு? நீங்க பாட்டுக்கு நிறுத்தவே இல்லையே!"

மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான்.

மாமனாரின் குரல், அவன் இதுவரை கேட்டிராத அளவுக்குத் தணிந்து வந்தது.

"மனசுல வச்சுக்காதேப்பா. நேத்து மாப்பிள்ளை பரண்ல ஏறினதைப் பார்த்தேன். இந்தக் குளிர்ல போட்டிருந்ததைக் கழட்டிப் பிள்ளைக்காக அடைச்சிருக்கார். தப்புன்னு சொல்லியே ஆகணும். ஆனா நான் வாயைத் திறந்தா திட்டாத்தான் வரும். முதல் தடவையா தன் மகளைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்ற மனுஷன், தலை நிமிர்ந்து வர வேண்டாமா?"