கைச்சூடு

அயர்லாந்தின் லிமரிக்கில் குளிர்கால விடியல். லாயத்துச் சுவரில் கடிவாள இரும்புகள் பனி பூத்துத் தொங்குகின்றன. நூலா குதிரையின் வாயில் வழக்கமாக மாட்டும் வழவழப்பான இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறாள். போன வேட்டையில் அவள் வளர்த்த இளங்குதிரை, இழுத்த இழுப்புக்கு நிற்காமல் பாய்ந்து வேட்டைநாய் ஒன்றை மிதித்துக் கொன்றுவிட்டது. "அந்த முறுக்குக் கம்பியப் போடு," என்கிறான் கணவன் ஃபின்டன். "வாய் கிழிஞ்சிடும்டா. என் கைக்கு அடங்குவான்." "அடங்கினானா? இன்னொரு தடவை ஓடினா அவனைச் சுட்டுடுவாங்க, நூலா." வெளியே இன்றைய வேட்டைக்கு நாய்கள் குரைக்கின்றன. அவள் பக்கத்தில் தொங்கும் முறுக்குக் கம்பிக் கடிவாளத்தை எடுக்கிறாள். குளிர் இரும்பு வாயில் பட்டுவிடக்கூடாதென்று, தினமும் செய்வதுபோலவே அதை அக்குளில் இடுக்கி வெதுவெதுப்பாக்குகிறாள். பிறகு குதிரையின் உதட்டருகே கொண்டுபோகிறாள். அதே கை, அதே சூடு. அவள் சொல்லும் முன்பே குதிரை தலையைத் தாழ்த்தி வாயைத் திறக்கிறது.