மதராஸிலிருந்து வந்த குழல்

போடி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த வைகுண்டராஜ், மதராஸிலிருந்து வந்த பார்சலை மனைவி சாராளின் மடியில் வைத்தார். உள்ளே ரெக்கார்டர் என்கிற மரக்குழலும், பழங்கால இங்கிலீஷ் மெட்டுகள் அடங்கிய புத்தகமும் இருந்தன.

மிஷன் பள்ளியில் பழகிய அப்படியொரு குழலோடுதான் சாராள் வாழ வந்தாள். “குடும்பப் பொம்பள குழல் ஊதுனா கடைக்கு வர்றவுக சிரிப்பாக” என்று அவர்தான் அதை அவளிடமிருந்து வாங்கி, எஸ்டேட் துரைசாணி ஒருத்திக்கு விற்றுவிட்டார்.

“இன்னமும் கோவமா?” என்று இப்போது கேட்டார்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“அப்ப எனக்காக வாசி, சாராள்.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலை உதட்டில் வைத்தாள்.

அவளுடைய விரல்கள் துளைகளின் மேல் ஓடின. தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். எதிர்க்கடைச் சுருளிவேல் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

“சுருளிவேலு, நல்லா வாசிக்கிறாளா?” என்று கேட்டார் வைகுண்டராஜ்.

சுருளிவேல் இரு கைகளையும் கூப்பிக் காட்டினார்.

மாசியில் வந்த விஷக்காய்ச்சலில் வைகுண்டராஜுக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தன. காது கேட்ட காலத்தில், அவள் வாசித்து ஒரு பாட்டைக்கூட அவர் முழுசாகக் கேட்டதில்லை.