விளக்கப் பெட்டி

இப்போதெல்லாம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. ஆபீஸ் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு, மிச்சத்தை மேஜைமேல் இருந்து பேசும் விளக்கப் பெட்டியிடம் விட்டுவிடுகிறார்கள்.

நூல் மில்லில் முப்பத்தொரு வருடமாகப் பஞ்சுப் பொதி இறக்கிவந்தேன். நேற்று மேனேஜர் பூங்கோதை கூப்பிட்டாள். அவள் அப்பனும் நானும் ஒரே லாரியில் பொதி இறக்கியவர்கள்.

"ரீஸ்ட்ரக்சரிங்ல உங்க ரோல் ரிடண்டன்ட் ஆயிருச்சுங்க மாமா," என்றாள்.

"ஐயா, உங்களுக்கு இனி வேலை இல்லை. இன்று கடைசி நாள்," என்று விளக்கியது பெட்டி.

"பொட்டி சொன்னது இருக்கட்டும் கண்ணு. நீ உன் வாயால சொல்லு."

"என்னன்னு சொல்லணுங்க மாமா?"

"வேலை இல்ல, வீட்டுக்குப் போன்னு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். "உங்க கான்ட்ரிப்யூஷன ரொம்ப வேல்யூ பண்றோங்க," என்றாள். அதைவிட்டால் அவளுக்கு வேறு பேச்சு வரவில்லை.

"அவர் உங்களுக்காக வருத்தப்படுகிறார்," என்றது பெட்டி.

அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன்.