முகம் தெரியாத லேப்டாப்

"புதுசு தம்பி. நேத்துதான் வந்துது. இன்னிக்கு எம்பொண்ணு மூஞ்சியையே கண்டுக்க மாட்டேங்குது. உள்ள இருக்கறத எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லேருந்து போட்டுக் குடு."

லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாதுரை நாற்காலியில் சாய்ந்தார். திண்டிவனத்தில் அலெக்ஸ் இந்தக் கடையைத் திறந்து மூன்று வருடம். எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவன்தான். ஆனால் அப்பாதுரைக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்குரு டிரைவரை நழுவவிட்டான்.

கலைப்பிரியா. இரண்டு வருடக் காதல். வருகிறேன் என்று ஒரு மெசேஜ்கூட இல்லை.

அவள்மேல் தப்பில்லை. காலையில் அவர்கள் ஊரான கெடாரில், வீட்டில் லேப்டாப்புக்குப் பூஜை போட்ட அப்பா அதைத் திறந்து, தலை வாரிக்கொண்டிருந்தவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அது திறக்கவில்லை. பின் நம்பர் போட்டுப் பார்க்கிறேன் என்று அவள் சொல்வதற்குள் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விழுப்புரத்தில் நாலு கடை சொன்னாள். காதில் வாங்காமல் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார். அங்கே கைராசிக்காரன் ஒருத்தன் இருக்கிறானாம். வழியெல்லாம் ஒட்டி உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் எங்கே மெசேஜ் அனுப்புவது?

வெள்ளிக்கிழமை அனந்தபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் நல்ல நேரம் பார்த்துத் தானே அப்பாவிடம் பேசிக்கொள்வதாக அலெக்ஸிடம் சொல்லியிருந்தாள். இப்படி ஏடாகூடமாகத் தெரிந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடுவார். போதாக்குறைக்கு, கடைச் சுவரில் இருந்த மாதா படத்தை அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை உனக்குத் தெரியாது என்று கண்ணாலேயே மிரட்டினாள்.

"உக்காருங்க மேடம்," என்றான் அலெக்ஸ். குரல் கீச்சென்று வந்தது.

லேப்டாப்பின் மூடிமேல் மூன்று சந்தனப் பொட்டு. திறந்தால் உள்ளே இன்னொன்று, குங்குமத்தோடு கெட்டியாக. திரைக்கு மேல் விளிம்பில், நட்டநடுவில். சரியாகக் கேமராவின் மேல்.

ஒரே நொடியில் அலெக்ஸுக்கு வியாதி புரிந்துவிட்டது. ஈரத்துணியால் ஒரு துடை. அவ்வளவுதான் வேலை. ஆனால் சொன்னால் அடுத்த நிமிடம் எழுந்து போய்விடுவார்கள். அவர் கேட்டபடி மொத்தமாக அழித்துப் போட்டால் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் எதிரிலேயே இருப்பாள்.

பென்டிரைவை எடுத்துச் செருகினான்.

அப்பாதுரை கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். அழித்தால் ஒரிஜினல் சாஃப்ட்வேர் லைசென்ஸும் போய்விடாதா? தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று ஊரில் ஒருத்தன் சொன்னானே?

"போவாதுங்கய்யா. லைசென்ஸ் மிஷினுக்குள்ளயே இருக்குது. போட்டு முடிச்சி நெட்ல விட்டா அதுவே புடிச்சிக்கும். தனியா வாங்கணும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

கேள்விகள் லேப்டாப்போடு நிற்கவில்லை. கடை சொந்தமா, வாடகையா? போர்டில் இருக்கிற சவுரியம்மாள் யார்? அம்மாவா, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? அலெக்ஸ் எல்லாவற்றுக்கும் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னான். வேறு பக்கம் பார்க்கத் தைரியமில்லை.

கம்பெனிக்காரன் திணித்து அனுப்பியிருந்த விளையாட்டு, விளம்பரம் எல்லாம் ஒழிந்து, சுத்தமான திரை வந்தது. மெயில் ஐடி கேட்டது. அலெக்ஸின் விரல்கள் யோசிக்காமல் தட்டின. கலைப்பிரியா, ஒரு புள்ளி, பிறந்த தேதி, மாதம், வருடம்.

கலைப்பிரியா இருமினாள். நெஞ்சு பெயர்ந்துவிடுகிற இருமல்.

அலெக்ஸ் அவசர அவசரமாக அத்தனையையும் அழித்தான். "மேடம், உங்க மெயில் ஐடி சொல்லுங்க."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அப்பாதுரை ரோட்டில் போன பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் மூச்சு திரும்பியது.

கடைசியில் முகத்தைப் பதியும் கட்டம் வந்தது. இனிமேல் பொட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது. அலெக்ஸ் துணியை நனைத்து அதன் கிட்டே கொண்டுபோனான். நிறுத்தினான். துணியை அப்பாதுரையிடம் நீட்டினான்.

"ஐயா, பொய் சொல்ல மனசு வரல. மிஷின்ல கோளாறே இல்ல. பொட்டு கேமராவ மூடிக்கினு இருக்குது. வந்ததுமே பாத்துட்டேன். எனக்குக் காசு வேணாம்."

"துணி உன் கையிலதானே இருக்குது. நீயே தொடச்சிடேன்."

"வீட்ல கும்புட்டு வெச்சதுங்க. நீங்களே எடுத்தாதான் சரி."

அப்பாதுரை துணியை வாங்கித் துடைத்தார். லேப்டாப் கலைப்பிரியாவின் முகத்தைப் பார்த்தது. பூப்போலத் திறந்துகொண்டது.

வந்ததுமே பார்த்தவன் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அப்பா கேட்கவே இல்லை. பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

திரும்புகிற பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அனந்தபுரத்துக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடறேன், பாப்பா."

"ஏ... ஏம்ப்பா?"

"உன் மெயிலு எனக்கே தெரியாது. அவன் கேக்காமயே போடறான்."

கலைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் இந்த லேப்டாப் ரிப்பேராகி நேரே அவன் கடைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது என்று முணுமுணுத்தாள்.

"துணிய எடுத்ததும் உண்மையச் சொல்லாம அவன் பாட்டுக்குத் தொடச்சிப் போட்டிருந்தான்னா அனந்தபுரத்தையே முடிச்சிருப்பேன்," என்ற அப்பாதுரை, மடியிலிருந்த லேப்டாப் பையைத் தட்டிக்கொடுத்தார். "இது எங்க ரிப்பேராச்சு? உன் ஃபிரெண்டு அஸ்வினிகிட்ட அவன் கடை எங்கன்னு கேட்டேன். மிஷின்ல கேமரா எங்கன்னு கேட்டேன். அப்புறந்தான் பொட்டு வெச்சேன்."